மாறக் கூடாத பட்டை

மாறவே கூடாத பட்டை நீலமாகியிருந்தது.

ஆய்வகத்தில் அதற்கு ‘சும்மா’ என்று பேர். மற்ற பட்டைகளை மாமிசத் துண்டுகளோடு சீசாவுக்குள் போடுவார்கள். இதை மட்டும் காலிச் சீசாவில் சும்மா போட்டு மூடி வைப்பார்கள். பட்டையில் பூசிய நுண்துகள்களுக்குள் மஞ்சள் சாயம் அடைந்து கிடக்கும். மாமிசம் அழுகி அதிலிருந்து வாயு கிளம்பினால் சாயம் நீலமாகும். கடையில் பாக்கெட்டின் மேல் ஒட்டியிருக்கும் பட்டையைப் பார்த்தே வாங்குகிறவர் கெட்டதைத் தள்ளிவிடலாம். காலிச் சீசாவில் அழுக எதுவும் இல்லை. சும்மாவின் வேலையே மஞ்சளாகக் கிடப்பதுதான்.

“மறுபடியும் போச்சா?” என்றான் சோடாபுட்டி. பட்டையும் கையுமாக நின்றவளுக்கு அடுத்த மேசைக்காரன். கண்ணாடியின் தடிமனால் வந்த பேர்.

“பேட்ச் சரியில்ல.”

“என் மேசைல அதே பேட்ச்தான். மஞ்சளா மினுமினுக்குது. நீ தொட்டாதான் நீலம்.” அவன் நாற்காலியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டான். “தப்பா நினைக்காத. வீட்ல எலி ஏதாச்சும் செத்துக் கிடக்கான்னு பாரு.”

அவள் தப்பாக நினைக்கவில்லை. எதையுமே பெரிதாக நினைத்து நாளாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து மூக்கை அடித்துக்கொண்டு போனது. வாசனை, நாற்றம் இரண்டும் இல்லை. கொஞ்ச நாளில் சோறு காகிதமாயிற்று. பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகக் காகிதமாயின. பால் கெட்டதா என்று பார்க்கக்கூட வீட்டில் ஒரு பட்டை வேண்டியிருந்தது.

கையுறையை மாற்றினாள். கையை மூன்று முறை கழுவினாள். புதுச் சும்மாவை எடுத்து விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓரத்திலிருந்து நீலம் ஊறி வந்தது.

சனிக்கிழமை அரைநாள் வேலை. கிளம்பும்போது ஒரு பெட்டி பட்டையும், ஒரு ஸ்பிரே பாட்டிலும், கைக்கு அடக்கமான புற ஊதா விளக்கும் பையில் போட்டுக்கொண்டாள். பாட்டிலில் இருப்பதும் அதே மாதிரி நுண்துகள்தான், சாயம் வேறு. அழுகலின் தடயம் பட்ட இடத்தில் தெளித்து, இருட்டில் இந்த விளக்கைக் காட்டினால் அங்கே மட்டும் பச்சையாக ஒளிரும். விளக்கை அணைத்தால் அந்த நொடியே ஒளிர்வும் அணையும். அதில் மாற்றமே கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்தது.

மாடிப்படியில் மேல்வீட்டு அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினாள்.

“என்னடி இது, மூணு நாளா குடலைப் புடுங்குது. உனக்கு மூக்குதான் இல்ல, உன் வீட்டுக்காரருக்குமா இல்ல?”

“அவர் ஒண்ணும் சொல்லலையேக்கா.”

அவர் லாரி டிரைவர். நெடுந்தூரம் போனால் பதினைந்து நாள். இந்த முறை ஏழாவது நாளே, புதன்கிழமை காலையில், பையில்லாமல் வந்து நின்றார். வண்டியை ஷெட்டில் விட்டாச்சு என்றார். லாரி ஆபீஸிலிருந்து அவள் போனுக்கு ஐந்தாறு அழைப்பு வந்தது. “லீவு கேட்டேன், திட்டத்தான் கூப்பிடுவானுங்க. எடுக்காத” என்றார். அவள் எடுக்கவில்லை. சாப்பாடு வேண்டாம் என்றார். நடு அறையில் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து அதன் கீழேயே உட்கார்ந்திருந்தார். மகள் குட்டியை மட்டும் அவர்தான் தூங்க வைத்தார்.

உள்ளே போனாள். விசிறி கடகடத்தது. நாற்காலி காலி. படுக்கையறையில் அவர் குரலும் குட்டியின் சிரிப்பும் கேட்டன.

பட்டைகளை வாசலிலிருந்து வரிசையாக ஒட்டிக்கொண்டே போனாள். வாசலில் இளம்பச்சை. சமையலறை மேடையில் மஞ்சள், குப்பைக் கூடையில் மஞ்சள், வடிகுழாய் வாயில்கூட மஞ்சள். நடு அறைச் சுவரில் நீலம். நாற்காலியின் கைப்பிடியில் பசை காய்வதற்குள் கருநீலம். எலி நாற்காலியில் உட்காராது. பேட்ச் சரியில்லை என்று மறுபடியும் சொல்லிக்கொண்டாள். சொன்னது தன் குரல் மாதிரி இல்லை.

“குட்டி, குளிக்க வா.”

“இப்பவா? மத்தியானமா?”

“வான்னா வா.”

குளியலறைக்கு ஜன்னல் இல்லை. கதவைத் தாழிட்டாள். ஏழு வயதுக்காரி ஃபிராக்கைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு வாளி ஓரம் உட்கார்ந்தாள். அம்மா அதைக் கொக்கியில் மாட்டி, பாட்டிலை இரண்டு முறை அழுத்தி, பல்பை அணைத்தாள். வாளியில் சொட்டும் தண்ணீர். சுவருக்கு அப்பால் விசிறி. கையில் விளக்கின் பொத்தான்.

அழுத்தினாள்.

ஃபிராக்கின் முதுகில் ஒரு கை. ஐந்து விரலும் விரிந்த பெரிய கை. பச்சையாக. குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கும் இடத்தில். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று.

“ஐ, அழகா இருக்கும்மா.”

“அப்பா மேல ஏதாச்சும் வாசனை வருதா?”

குட்டி வாளிக்குள் கையை விட்டாள். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு விளையாடினாள்.

“சொல்லுடா.”

“முதல் நாள் வாந்தி வந்துச்சு. இப்பப் பழகிடுச்சு.” குரலைத் தாழ்த்தினாள். “அம்மாகிட்ட சொல்லாதன்னாரு. அம்மாவுக்குத்தான் தெரியாதே, அதான் இங்க வந்தேன்னாரு.”

அவளுக்குள் ஏதோ எழுந்து நிற்க வேண்டிய நேரம். எழவில்லை. குட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடவேண்டும். வாசலுக்கு நடு அறை வழியாகத்தான் போகவேண்டும். பன்னிரண்டு அடி. அதை மட்டும் கணக்குப் போட்டாள்.

விசிறி நின்றது.

கதவில் விரல்கள். தட்டவில்லை. தடவின.

“உள்ள என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

“குளிக்கிறோம்.”

“லைட்ட அணைச்சிட்டா?”

குட்டி எழுந்து தாழை எட்டித் திறந்துவிட்டாள். அவ்வளவுதான். தடுக்க அம்மாவின் கை நீளுவதற்குள்.

நடு அறையின் திரைகளை அவர் இழுத்து மூடியிருந்தார். இருட்டில் இன்னும் இருட்டாகக் குளியலறைப் படியில் நின்றார். அவள் கை தானாகப் பாட்டிலை அழுத்தியது. ஒருமுறை. சாரல் அவர் முகத்திலும் கையிலும் பட்டது. விளக்கைத் தூக்கினாள்.

முகம் முழுக்கப் பச்சை. நெற்றி, இமை, கழுத்து. விடுபட்ட இடமே இல்லை.

அவர் துடைத்துக்கொள்ளவில்லை. வாயைத் திறந்தார். நாக்கு ஒளிர்ந்தது. அண்ணம் ஒளிர்ந்தது. தொண்டை கீழே கீழே ஒளிர்ந்துகொண்டே போனது.

“குட்டி, வா” என்றார்.

அவள் குட்டியின் துண்டைப் பிடித்தாள். துண்டு மட்டும் கையில் வந்தது. சின்னக் கால்கள் ஈரத் தரையில் ஓடின. பச்சை விரல்கள் அந்த முதுகின் மேல் ஒவ்வொன்றாக மூடின, ஃபிராக்கில் பார்த்த அதே இடத்தில்.

“அதை அணை” என்றார். “கண்ணு கூசுது.”

விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. அதை அவள் கவனித்தாள். அணைத்தாள்.

ஒளிர்வு அணையவில்லை.

இருட்டில் பெரிய வாய் ஒன்று, பச்சையாக. அதன் தோளருகே, சிரித்துக்கொண்டு, சின்ன வாய் ஒன்று.