உலகத்தை ஒரு சுற்று

விர்ர்ர்!

காயிக்கேயின் கால் ஜுசாராவின் தலைமுடியை உரசிக்கொண்டு பறந்தது. அவள் குனிந்தாள். தப்பினாள். ஆனால் மூச்சு? அது வாய்வழியாக ஓடியே போய்விட்டது!

சல்வடார் நகரத்தின் அந்தச் சின்ன முற்றத்தில் எல்லோரும் வட்டமாக நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் கபோயிரா என்னும் சண்டை நடனம் ஆடும் இரண்டு பேர் மட்டும்.

மாமரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்ட ஜுசாரா, ஐந்து மாதம் கழித்து இன்றுதான் பயிற்சிக்கு வந்திருந்தாள். இடுப்பில், முன்பு தேர்ச்சி பெற்று வாங்கிய பழைய பச்சைக் கயிறு. மனதுக்குள் ஒரு சபதம். 'பாதி ஆட்டத்தில் வட்டத்தைவிட்டு வெளியேறினால், கயிற்றை அவிழ்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன்!'

காயிக்கேக்கு ஒன்பது வயது. அவள் வராதபோது சேர்ந்தவன். இன்னும் முதல் கயிறுகூட வாங்கவில்லை.

"என்னக்கா, பச்சைக் கயிறு சும்மா பேன்ட் நழுவாம இருக்கவா?"

வட்டம் சிரித்தது. ஜுசாரா கோபத்தோடு கைகளை ஊன்றிக் கரணம் போட்டாள். ஆறிய மணிக்கட்டில் பலம் போதவில்லை. கால்கள் பாதி வழியிலேயே தொப்பென்று இறங்கின.

"அய்யோ, வெந்த மரவள்ளிக்கிழங்கு!" என்றான் காயிக்கே.

போதும். போய்விடலாம். அவள் வெளியே போக இரண்டு அடி வைத்தாள். திரும்பிப் பார்த்தாள். அட! சிரித்துக்கொண்டிருந்த காயிக்கேயின் தோள்களும் மூச்சிரைப்பில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

சட்டென்று அவளுக்கு ஆட்டத்தின் பழைய வழக்கம் ஒன்று நினைவு வந்தது. வெளியேறாமல் வட்டத்தின் உள்ளோரமாகவே நடக்கத் தொடங்கினாள்.

"மெஸ்த்ரே! அக்கா ஓடுறாங்க! நான் ஜெயிச்சிட்டேன்!" காயிக்கே கைகளைத் தூக்கிக் குதித்தான்.

பாட்டு நிற்கவில்லை. ஆசிரியை மெஸ்த்ரே நோர்மா ஒற்றைத் தந்தி வில் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். இப்போது வட்டம் சிரித்தது அவனைப் பார்த்து. தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் விழித்தான்.

ஜுசாராவும் சிரித்திருக்கலாம். ஆனால் அவள் கையை நீட்டினாள்.

"டேய், வா, கூட நட. இதுக்குப் பேரு உலகத்தைச் சுத்துறது. மூச்சு வாங்கினா யார் வேணும்னாலும் சுத்தலாம். ஆட்டம் முடிஞ்சதா அர்த்தம் இல்ல."

"எனக்கொண்ணும் மூச்சு வாங்கல!"

"சரி, எனக்குத் துணைக்கு வா."

வந்தான். பாதி வட்டம் போனதும் மெதுவாகக் கேட்டான்: "அக்கா, இப்ப எங்க இருக்கோம்?"

"ஆப்பிரிக்கா தாண்டியாச்சு."

"அதுக்குள்ளயா? இன்னொரு சுத்து போலாமா?"

பிறகு மெஸ்த்ரேயின் வில்லுக்கு முன்னால் குந்தி, கை தொட்டு, மீண்டும் ஆடினார்கள். ஜுசாரா மறுபடி கரணம் போட்டாள். கோணல்தான். ஆனாலும் கால்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன!

மெஸ்த்ரே வில்லைத் தட்டி ஆட்டத்தை முடித்தபோது, பச்சைக் கயிறு ஜுசாராவின் இடுப்பிலேயே இருந்தது. அதற்குள் இருவரும் உலகத்தை நான்கு தடவை சுற்றியிருந்தார்கள்.

அதில் மூன்று, காயிக்கே கேட்டவை.