நாற்பத்தொரு பேர்

காலை எட்டு மணிக்கு மனநலப் பிரிவின் முதுநிலை மாணவர்கள் நாங்கள் வரிசையாக நின்று, மனநிலையை அளக்கும் உணர்மானியை நெற்றியில் மாட்டிக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் அவரவர் மனநிலை சுழியாக, அதாவது பூஜ்யமாக, பதியும். இதற்குச் சுழியாக்கம் என்று பெயர். பிறகு நோயாளிக்கு ஒன்றை மாட்டினால், அவருக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு திரையில் எண்ணாக வரும். கழித்தல் நான்குக்குக் கீழே இருந்தால் வார்டிலேயே வைத்திருக்க வேண்டும். சுழி வந்தால் வீட்டுக்கு அனுப்பலாம். மருத்துவர் எப்போதும் நலமாகத்தான் இருப்பார் என்று எந்தப் புண்ணியவான் முடிவு செய்தாரோ தெரியாது.

மாசானமுத்து அண்ணாச்சி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தொழிலாளி. தற்கொலைக்கு முயன்று பிழைத்துப் பதினோரு நாளாகிறது. நேற்றுவரை அவரைப் பார்த்த சக மாணவன் ராபின்சனின் திரையில் கழித்தல் ஏழு வந்திருந்தது. இன்று முறை மாறி என்னிடம் வந்தார். திரையில் சுழி.

துறைத்தலைவர் டாக்டர் சிவசைலம் எட்டிப் பார்த்தார். "தேறிட்டாரே. டிஸ்சார்ஜ் எழுதிரும்மா பெனிட்டா."

எழுதப் போனேன். அண்ணாச்சியின் தட்டில் தொடாத இட்லி காய்ந்துகிடந்தது. விடுதி அறையில் என் தட்டும் அப்படித்தான் கிடந்தது. எங்கள் பாடத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன். வாய்விட்டுக் கேட்டேன்.

"தூங்குதீங்களா அண்ணாச்சி?"

"மூணு மணிக்கே முழிச்சிருவேன் டாக்டரம்மா. அப்புறம் விடியவே விடியாது."

"எந்திரிக்கும்போது?"

"ஏன் எந்திரிச்சோம்னு இருக்கும்."

அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. பதில் எனக்கே தெரியும். போன வருடம் எங்களோடு படித்த ஒருத்தி தனக்கு மனசு சரியில்லை என்று சொன்னாள். ஒரே வாரத்தில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டால் என் இடம் தப்பும். அண்ணாச்சி வீட்டுக்குப் போய்விடுவார்.

"அனுப்ப வேண்டாம் சார்."

"ஏன், மெஷின் கோளாறா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு சார். அவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்ல. அதான் சுழி காட்டுது."

அண்ணாச்சி கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"எத்தன நாளா இப்படி?" என்றார் சார்.

"நாலு மாசமா சார்."

"அப்ப இந்த நாலு மாசத்துல நீ வீட்டுக்கு அனுப்பினவங்க?"

நாற்பத்தொரு பேர், எல்லோரும் எனக்குச் சுழி காட்டியவர்கள். அதை நான் அதுவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. சார் பட்டியலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். முதல் எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.