ஜனவரி பதினேழு, காலை எட்டு நாற்பது

மாநிலக் கல்வி வாரியத்தின் விசாரணை அலுவலகத்துக்குப் புகார் கொடுக்க வருகிறவர்கள் காரில் வருவார்கள். மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை நோரீன் சிப்போலா பனி தள்ளும் வண்டியில் வந்தார். வாசலில் அந்த ஆரஞ்சு நிறப் பூதம் நின்றதும் அறைக்குள் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது.

"வண்டியை அங்க நிறுத்தக் கூடாதும்மா," என்றார் க்ளைட் பெல்லோஸ்.

"உங்க வாசல் பனியைத் தள்ளிட்டுத்தானே நிறுத்தியிருக்கேன். நன்றி சொல்ல மாட்டீங்களா?"

க்ளைட் குறிப்பேட்டைத் திறந்தார். முப்பது வருடம் தென்பகுதி நகரத்தில் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்து ஓய்வு பெற்றவர். இந்த ஏரிக்கரைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. விசாரணை அதிகாரி இர்மா லேட்டோவுக்கு வண்டி ஓட்டுவதும், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வதும் வேலை. துப்புத் துலக்குவதும் தன் வேலைதான் என்று அவராகவே முடிவு செய்திருந்தார்.

இர்மா நாற்காலியைக் காட்டினார். நோரீன் உட்காராமலே பேசினார்.

"என் பொண்ணு வில்லாவுக்கு எட்டு வயசு. எதைக் கேட்டாலும் டக்குனு பதில் சொல்லுவா. ஆனா எழுத்தைப் பாத்தா எல்லாம் ஓடுதுங்கிறா. சிறப்புக் கல்வி வேணும்னு நவம்பர் பதினெட்டுல கையெழுத்துப் போட்டேன். அறுபது நாள்ல சோதிச்சு முடிக்கணும் இல்லையா? முடிச்சுட்டோம், தகுதி இல்லைன்னு லெட்டர் வந்துடுச்சு. கேட்டா, கடைசி நாள் வகுப்புக்கே வந்து பாத்தோம்கிறாங்க. யாருமே வரலைன்னு வில்லா சொல்றா."

"கடைசி நாள்னா ஜனவரி பதினேழு. குழந்தைக்கு அந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கா?"

"அவ பிறந்த நாள் மேடம். மறப்பாளா? பாவம், அன்னைக்குப் பாத்து நான் விடிகாலை நாலு மணிக்கே வண்டி எடுக்க வேண்டியதாப் போச்சு. அவளைப் பக்கத்து வீட்டுல விட்டுட்டுப் போனேன். எட்டே முக்காலுக்கு ஏரிக்கரை ரோட்டுல ஏதோ ஒரு பச்சைக் காரைப் பள்ளத்துலேர்ந்து இழுத்துக்கிட்டிருந்தேன். அந்த ஆளு மூக்கு வரைக்கும் கம்பளி சுத்தியிருந்தான், கையை மட்டும் ஆட்டிட்டுப் போயிட்டான். என் பொண்ணு அந்த நேரம் கேக்கை மடியில வச்சுக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டிருந்திருப்பா."

இர்மா கோப்பைப் புரட்டினார். வில்லாவின் பள்ளியை நடத்தும் ஆல்டர் பே கல்வி மாவட்டம் ஒன்பது ஆண்டுகளாக மாநிலத்தின் முதல் தரப் பட்டியலில் இருந்தது. அறுபது நாள் கெடுவை ஒரு பிள்ளை விஷயத்தில்கூடத் தவறவிடாத மாவட்டம். அதற்கென்று வாரியம் கொடுத்த நீலக் கொடி அதன் தலைமை அலுவலகத்தில் பறந்தது. வில்லாவின் கோப்பிலிருந்த வகுப்பறைப் பார்வை அறிக்கை கச்சிதமாக இருந்தது. 'ஜனவரி 17, காலை 8.40 முதல் 9.20 வரை, வாசிப்பு வகுப்பு. மாணவி மற்றவர்களுக்கு இணையாக வாசித்தாள்.' கீழே பள்ளி உளவியலாளர் நீல் ஹாம்மண்டின் கையெழுத்து. அதற்கும் கீழே, நோரீன் கேள்வி கேட்ட பிறகு சேர்த்த இன்னொரு குறிப்பு: 'அன்று வாசிப்பு வகுப்பே நடக்கவில்லை என்கிறாள் குழந்தை. வாசிப்பு தினமும் முதல் பாடவேளை. குழந்தையின் பேச்சு நம்பத்தக்கதல்ல.'

நோரீன் அந்தக் கடைசி வரியை விரலால் தொட்டார். "படிக்க வரலைன்னா நான் தாங்கிப்பேன் மேடம். பொய் சொல்றான்னு எழுதிட்டாங்களே. வியாழக்கிழமை வாரியம் ஓட்டுப் போட்டு இதை முடிச்சுடுவாங்களாம். அப்புறம் வில்லா அதே வகுப்புல இன்னொரு வருஷம் சும்மா உக்காந்திருக்கணும்."

"வியாழனுக்கு இன்னும் மூணு நாள் இருக்கு," என்றார் இர்மா.

மறுநாள் காலை ஏரிக்கரைப் பள்ளிக்குப் போனார்கள். வருகைப் பதிவேட்டில் ஜனவரி பதினேழு முழு நாள், வில்லா வந்திருக்கிறாள். அன்று பாடம் எடுத்தவர் தற்காலிக ஆசிரியர். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தனக்கு நினைவில்லை என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். க்ளைட்டுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

இர்மா நேரே சமையலறைக்குப் போனார். சமையல்காரி டோரிஸ், கறியும் உருளைக்கிழங்கும் மடித்த பேஸ்டிகளை அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தார். இர்மா கேட்டதும் எண்ணெய்க் கறை படிந்த நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஜனவரி பதினாறு: காலைச் சாப்பாடு நாற்பத்தெட்டு, மதியம் அறுபத்திரண்டு. பதினேழு: காலையில் ஒன்றுமில்லை, மதியம் அறுபத்தொன்று.

"டோரிஸ் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றார் க்ளைட்.

"எனக்கா? இருபத்திரண்டு வருஷமா ஒரு நாள் லீவு போட்டதில்ல," என்று டோரிஸ் கரண்டியை ஆட்டினார். "இந்த ஆளு எந்த ஊரு மேடம்?"

இர்மா சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வரும்போது நீல் ஹாம்மண்ட் எதிரே வந்து காரை நிறுத்தினார். பச்சை நிறக் கார். முன்பக்க பம்பர் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. இர்மா அறிக்கையை நீட்டினார். அவர் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தார்.

"கையெழுத்து என்னுதுதான்," என்றார். முகம் வெளுத்திருந்தது. அறிக்கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

வண்டியில் ஏறியதுமே க்ளைட் பொரிந்து தள்ளினார். "அவன்தான் மேடம். கையெழுத்தும் அவனுது, முழியும் திருட்டு முழி. சோம்பேறித்தனமா வீட்டுலயே உக்காந்து எழுதியிருக்கான்."

"இருக்கலாம்," என்றார் இர்மா. "ஆனா அவர் கார்ல ஏன் கயிறுன்னு யோசிச்சீங்களா?"

க்ளைட் வழியெல்லாம் யோசித்தார். பசிதான் வந்தது.

புதன்கிழமை மாலை நான்கு மணிக்குப் பள்ளி நூலகத்தில், குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகளில் எல்லோரும் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். தலைமையாசிரியர் ராய் கிவேலா, நீல் ஹாம்மண்ட், தெற்கே இருபத்தைந்து மைல் தள்ளியுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து சிறப்புக் கல்வி இயக்குநர் வெர்னா ஸ்டிரைக்கர். வெர்னாவின் கோட்டில் நீலக் கொடிச் சின்னம் குத்தியிருந்தது. நோரீன் கதவோரம் நின்றார்.

"கிவேலா சார், இந்த அறிக்கையை முன்னாடி பாத்திருக்கீங்களா?"

"இல்ல. கோப்பு தலைமை அலுவலகத்துல இருக்கும். எங்களுக்கு வராது."

"இப்பப் பாருங்க."

கிவேலா படித்தார். நிமிர்ந்தார். "எட்டு நாற்பதா? அன்னைக்கு நான் பள்ளிக்கூடம் திறந்ததே பத்து மணிக்கு. ராத்திரி மழை பெஞ்சு ஏரிக்கரை ரோடு கண்ணாடியா உறைஞ்சு கிடந்துச்சு. ரெண்டு மணி நேரத் தாமதம்னு ரேடியோவுல சொன்னோம். நானே படியில மணல் போட்டேன்."

"பதிவேட்டுல முழு நாள்னு இருக்கே?"

"ரெண்டு மணி நேரம் வரைக்கும் தாமதம்னா முழு நாள்தான் மேடம். அதுக்குத் தனிப் பதிவு கிடையாது. முதல் பாடவேளையை விட்டுட்டு நேரா கணக்குக்குப் போயிடுவோம்."

க்ளைட்டின் பேனா நின்றுவிட்டது. அந்தக் குழந்தை சொன்னது அப்படியே உண்மை.

இர்மா நிதானமாகத் தொடர்ந்தார். "தாமதம்னா காலைச் சாப்பாடு கிடையாது. அது டோரிஸ் அம்மாவோட நோட்டுல மட்டும்தான் தெரிஞ்சுது. இந்த அறிக்கையை எழுதினவருக்கு அது தெரியல. அன்னைக்கு ரோடு உறைஞ்சதே தெரியாத ஒருத்தர்தான் இதை எழுதியிருக்க முடியும். கிவேலா சார் மணல் போட்டவர். அவர் எட்டு நாற்பதுன்னு எழுதவே மாட்டார்."

"அப்ப கையெழுத்துப் போட்டவர்தானே?" என்று க்ளைட்டால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஹாம்மண்ட், உங்க கார் எங்க அடிபட்டுச்சு?"

நீல் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "ஏரிக்கரை ரோட்டுப் பள்ளத்துல. பதினேழாம் தேதி. வில்லாவைப் பாக்கத்தான் வந்துக்கிட்டிருந்தேன், எட்டு நாற்பதுக்கு. ரேடியோ போடல. பனி வண்டிக்காரர் ஒருத்தர்தான் இழுத்து விட்டார்."

"ஒருத்தர் இல்ல," என்றார் கதவோரத்திலிருந்து நோரீன். "நான்தான்."

நீல் திரும்பிப் பார்த்தார். மகளைப் பார்க்க வந்தவரைத் தாயே பள்ளத்திலிருந்து இழுத்திருக்கிறார். இருவருக்கும் அது தெரியாமலே இரண்டு மாதம் போயிருக்கிறது.

"பள்ளத்துல கிடந்தவரும் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுக்க மாட்டார்," என்றார் இர்மா. "அப்ப உங்க கையெழுத்து எப்படி வந்துது?"

"மூணு மாவட்டத்துக்கு நான் ஒருத்தன்தான் மேடம். கடைசிப் பக்கத்துல முன்னாடியே கையெழுத்துப் போட்டு தலைமை அலுவலகத்துல வச்சுட்டுப் போறது பழக்கம். தப்புதான். அன்னைக்கு கார் பழுது, வர முடியலைன்னு மட்டும் அங்க சொல்லி வச்சேன். வேற ஆள் போய்ப் பாத்தாச்சு, கோப்பு முடிஞ்சுதுன்னாங்க. நேத்து என் கையெழுத்தைப் பாத்ததும் வேலை போயிடும்னு பயந்துட்டேன்."

"யார்கிட்ட சொல்லி வச்சீங்க?"

அவர் சொல்லத் தேவையிருக்கவில்லை. வெர்னா ஸ்டிரைக்கர் கோட்டிலிருந்த நீலச் சின்னத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தார்.

"தெற்கே அன்னைக்கு நல்ல வெயில்," என்றார் மெதுவாக. "பதிவேட்டைப் பாத்தேன், பிள்ளை வந்திருந்தா. ஏற்கெனவே குறிச்ச நேரத்தையே எழுதினேன். ஒன்பது வருஷம் மேடம். ஒரு பிள்ளைகூடத் தவறினதில்ல. ஒரே ஒரு பிள்ளைக்காக அது உடையணுமான்னு நினைச்சேன்."

"அந்த ஒரு பிள்ளைக்காகத்தான் அந்தக் கெடுவே வச்சது," என்றார் இர்மா.

அவர் குரல் உயரவில்லை. ஆனால் க்ளைட்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. முப்பது வருடம் எத்தனையோ பேருக்குக் கடிதம் கொடுத்தவர், இப்படி ஒருவர் பக்கத்தில் பேனா பிடித்ததில்லை.

வியாழக்கிழமை வாரியம் கூடியது. ஆல்டர் பே முதல் தரத்திலிருந்து இறக்கப்பட்டது. வெர்னா தானே பதவி விலகினார். கெடு தாண்டிவிட்டது என்பதை ஒளிக்காமல் எழுதி, வில்லாவை முறையாக மறுபடி சோதிக்க உத்தரவானது. நீல் ஹாம்மண்டுக்கு எழுத்து மூலம் கண்டனம் வந்தது. அதை வாங்கிக்கொண்டு மறுநாளே அவர் வாசிப்பு வகுப்பில் போய் உட்கார்ந்தார். ஏப்ரலில் தகுதி உண்டு என்று முடிவானது. தினமும் ஒரு மணி நேரம் தனி ஆசிரியை வந்தார்.

உத்தரவில் ஒரு வரியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று இர்மா பிடிவாதமாக நின்றார். அது சட்டத்துக்குத் தேவையில்லை என்று வாரியத்தின் வக்கீல் சொல்லிப் பார்த்தார். அந்தப் பேச்சு எடுபடவில்லை.

மே மாதக் கடைசியில் பனி வண்டி மறுபடியும் வாசலில் வந்து நின்றது. தள்ளுவதற்குப் பனி இல்லை. நோரீன் சும்மாதான் கொண்டுவந்திருந்தார். உயரமான இருக்கையிலிருந்து வில்லா குதித்து இறங்கி, கையில் மடித்து வைத்திருந்த உத்தரவைப் பிரித்து, இர்மாவின் மேஜை மேல் பரப்பினாள்.

"யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது," என்றாள்.

விரலை வரியின் கீழே வைத்து ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தாள். ஓரிடத்தில் நின்றாள், பின்னால் போனாள், மறுபடி வந்தாள். க்ளைட் உதவிக்கு வாயைத் திறந்தபோது நோரீன் அவர் காலை மிதித்தார். நான்கு நிமிடம் ஆயிற்று.

"வில்லா... சிப்போலா... சொன்னது... எல்லாம்... உண்மை."

தலையை நிமிர்த்தி மூவரையும் பார்த்தாள்.

"அதான் நான் அப்பவே சொன்னேனே," என்றாள்.