பக்கத்துச் செல்

“ஆய்வறிக்கையில முதல் பேரு என் பேரா இருக்கணும் சார்.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று இசக்கியம்மாளிடம் சொல்லாத ஆள் இல்லை. ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கும் அப்பாகூடச் சொன்னார்: “காலேஜ் வாசல மிதிச்ச மொத ஆளு நீ. கெடச்சத வச்சிக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டு இரு தாயி.”

ஆய்வக இயக்குநர் கருணாகரன் சிரித்தார். “இசக்கியம்மாளா? வெளிநாட்டுக்காரன் வாய்ல நுழையுமா அது? நன்றியுரையில இஷான்னு போட்டிருக்கேனே.”

தூத்துக்குடியில் எடுத்த கடல்முள்ளெலி என்ற முள்ளுருண்டைப் பிராணியின் கருக்களோடு மூன்று வருடம் மாரடித்தவள் அவள்தான். பதினாறு செல்லாகப் பிரிந்த கருவின் அடியில் நான்கு பொடிச் செல்கள் இருக்கும். அவற்றின் வாரிசுகள்தாம் எலும்பு கட்டும். ‘நான் இருக்கிறேன், நீ எலும்பாகாதே’ என்று பக்கத்துச் செல்களுக்குச் சேதி அனுப்பி, அவற்றின் எலும்பு மரபணுக்களைப் பூட்டியே வைத்திருக்கும். நான்கையும் பிடுங்கினால் சேதி நிற்கும். பூட்டு திறக்கும். பக்கத்துச் செல் எலும்பாகும்.

அதை மனித நரம்புக்குப் பொருத்தியதுதான் அண்டைப்பட்டை. எல்லோர் கழுத்திலும் ஒட்டியிருக்கிறது. ஒருவர் பட்டையை உரித்துவிட்டு வேலையை விட்டால் அவர் கைப்பக்குவம் அடுத்த நாற்காலிக்கு வந்துவிடும். இப்போதெல்லாம் எந்த ஆபீசிலும் யாரும் ராஜினாமா மிரட்டல் விடுவதில்லை.

“பேரு போடலன்னா போயிடுவேன்னு சொல்றியா? நீ போனா பெனிட்டா நீயாயிடுவா. அப்புறம் எதை வச்சும்மா மிரட்டுற?”

கண்ணாடிக்கு அப்பால், பக்கத்து நாற்காலிக்காரி பெனிட்டா குனிந்தே இருந்தாள். ‘கேளுக்கா, நாங்க ஒம் பின்னாலதான் நிக்கோம்’ என்று நேற்று கேன்டீனில் சொன்னவள். ஒருத்தியும் நிற்கவில்லை. எப்படி நிற்பார்கள்? இவள் ஒருத்தி கத்திக்கொண்டிருக்கிறாளே, அது போதாதா அவர்கள் வாயைப் பூட்டி வைக்க!

“பட்டை கைவேலைய மட்டும் கடத்தும்னு விளம்பரத்துல போட்டிருக்கீங்க. நான் அப்படி எழுதல சார்.”

“பின்னே?”

“பாதி எலும்பா நின்ன செல்ல நான் பாத்ததே இல்ல. வந்தா கைவேலையோட முழு ஆளும் வரும்னு எழுதுனேன். பதிமூணாம் பக்கம். ஒங்க பேர மொதல்ல போட்டீங்க, வாசிக்கல.”

கழுத்துப் பட்டையை உரித்து அவர் மேசையில் ஒட்டினாள். சாப்பாட்டுப் பையைக் காலையிலேயே கட்டி வாசலோரம் வைத்திருந்தாள். எடுத்துக்கொண்டாள்.

நடையில் பாதி தூரம் போகும்போது உள்ளே நாற்காலி தள்ளப்படும் ஓசை கேட்டது.

“இசக்கியம்மாள்னு முழுசா எழுதுங்க சார்.”

பெனிட்டாவின் குரல். அது பட்டையின் வேலையா, பெனிட்டாவே வாய் திறந்தாளா? நின்று கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இசக்கியம்மாள் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.