பதினேழாவது கல் வளைவு

காலையில் எழுந்ததும் செங்கமலம் கணவனின் இடது நுரையீரலைக் கழற்றினாள்.

விலாவில் இருந்த மூடியைத் திருகி, பஞ்சு போன்ற அந்தச் சாம்பல் நிறப் பையை வெளியே எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். சிவப்பாகத் தண்ணீர் ஓடியது. மூன்று முறை அலசி, உதறி, மறுபடி பொருத்தினாள். காப்பி வடிகட்டியைக் கழுவுவதற்கும் இதற்கும் செவ்வாயில் பெரிய வித்தியாசம் கிடையாது. அங்கே எல்லாருக்கும் புழுதிதான் மூச்சு.

"இன்னிக்குத் தேவலை," என்றான் வேதகிரி.

பொய். பை நைந்துவிட்டது. மருத்துவர் வைத்த கெடு மூன்று மாதம். புதுப் பையைப் பூமியில்தான் பொருத்த முடியும். பூமிக்குப் போகும் கப்பலில் இவர்களைப் போன்றவர்களுக்கு இடம் கிடைக்க ஒரே ஒரு வழி உண்டு. செவ்வாயில் எப்போதோ உயிர் இருந்தது என்பதற்குத் தடயம் காட்டுகிறவருக்குக் குடும்பத்தோடு இருக்கை. சட்டம் வந்து நூறு வருடம் ஆகிறது. இதுவரை ஒருவரும் ஏறியதில்லை.

கண்ணாடிக் கூரை போட்ட நெடுஞ்சாலையில் மண் வாரும் வண்டி ஓட்டுவது செங்கமலத்தின் வேலை. இரண்டு வருடமாகச் சாலையோரப் பாறைகளை ஒன்று விடாமல் தடவிப் பார்த்திருக்கிறாள். பதினேழாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் சாலை ஒரு குன்றை வெட்டிக்கொண்டு வளைகிறது. போன வாரம் ஒரு மாலை, வெயில் சாய்ந்து விழுந்தபோது, அங்கே அதைக் கண்டாள்.

வெளிறிய வெள்ளைப் பாறையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சுருள். வரிவரியாக விளிம்பு. பக்கத்திலேயே வாய் பிளந்த இரண்டு சிப்பிகள். கொஞ்சம் தள்ளி இன்னொரு சுருள், விரல் நகம் அளவுக்கு, குட்டி. இங்கே கடல் இருந்திருக்கிறது. அதில் குட்டி போட்டு, ஓடு கட்டி, எதுவோ வாழ்ந்திருக்கிறது.

கை தானாக உளிக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். பெயர்த்த கல் செல்லாது. முன்பு சிலர் வீட்டில் உட்கார்ந்து சிப்பி செதுக்கிக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டதால் வந்த விதி. படமும் செல்லாது. படத்தை நம்புகிற காலம் மலையேறி இருநூறு வருடம் ஆயிற்று. ஆய்வாணையர் நேரில் வந்து, பாறையில் இருந்தபடியே பார்க்க வேண்டும்.

மனுவை முத்திரையிட்டு அனுப்பினாள். இடத்தைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மறுநாளே ஊர் உளியோடு கிளம்பிவிடும். வேதகிரியிடமும் சொல்லவில்லை. அவன் சுவர் விளம்பரம் எழுதுகிறவன்; சாரத்தில் ஏறிவிட்டால் தெருவில் போகிறவர்களிடமெல்லாம் பேச்சுதான்.

"ஆணையர் வர்றாருங்க. நம்ம மனு விஷயமா. நல்லபடியா முடிஞ்சா கப்பல்தான்," என்று மட்டும் சொன்னாள்.

அவன் முகம் மலர்ந்தது. "அப்ப அவரு மனசு குளிரணுமே!"

"நீங்க வாயை மூடிட்டு இருந்தாலே குளிரும்."

அடுத்த மூன்று நாள் அவளுக்குச் சாலையின் கடைக்கோடியில் வேலை போட்டார்கள். நான்காம் நாள் ஆணையரின் வண்டியிலேயே ஏறிக்கொண்டு திரும்பினாள். அவர் நல்ல மனிதர்தான். பூதக்கண்ணாடியை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இதுக்காகக் காத்திருக்கேம்மா. எவ்வளவு தூரம்?"

"இந்த வளைவுதாங்கய்யா."

வண்டி திரும்பியது. மேளம் முழங்கியது.

குன்றைக் காணோம். அந்த இடத்தில் கண்ணைப் பறிக்கும் வெள்ளைச் சுவர் ஒன்று நின்றது. அதில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஆணையரின் சிரித்த முகம். பக்கத்தில் 'பாறை கண்ட பேரறிஞரே, வருக! வருக!' என்று கொட்டை எழுத்தில். 'க'வின் வளைவைப் பார்த்ததுமே யார் கை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

வட்டத் தலைவர் ராசப்பன் மாலையோடு ஓடி வந்தார். "வர்ற வண்டியெல்லாம் முதல்ல பாக்குற இடம் இதுதானுங்கய்யா. மேடும் பள்ளமுமா, சுருள் சுருளா, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு. மெஷின் விட்டு வழவழன்னு இழைச்சுட்டுத்தான் சுண்ணாம்பு பூசினோம்."

செங்கமலம் உளியை உருவி நீட்டினாள். "உள்ளே... இன்னும் உள்ளே இருக்கும்யா. உடைச்சுப் பாருங்க."

"எதை? ஐயா முகத்தையா?" ராசப்பன் பதறிப்போனார். "உளி வச்சா ஊரே எரிஞ்சிரும், தெரியுமா?"

கூட்டம் உறுமியது. ஆணையர் உளியைப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அப்படியே வந்திருக்கு," என்றார் மெல்ல. "யார் வரைஞ்சது?"

சாரத்தின் மேலிருந்து வேதகிரி இருமிக்கொண்டே கையை ஆட்டினான். ஆணையர் அவனோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். பிறகு பூதக்கண்ணாடியை உறையில் போட்டுவிட்டு, மனுவின் கீழே 'தடயம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வீட்டில் வேதகிரியால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். "மெஷின்காரன் கூடவே நின்னு ரெண்டு நாள் இழைக்க வச்சேன், கமலம். ஒரு சொரசொரப்பு இருக்கக் கூடாதுன்னு. அவருக்குப் புடிச்சிருந்துச்சுல்ல? கப்பல் எப்பவாம்?"

அவள் மூடியைத் திருகிப் பையை எடுத்தாள். வழக்கத்தை விடக் கனத்தது. குழாயைத் திறந்தாள்.

தண்ணீர் சிவப்பாக ஓடவில்லை. பால் போல வெள்ளையாக ஓடியது.

முந்நூற்றைம்பது கோடி வருடம் கல்லுக்குள் காத்திருந்த கடலை மூன்று முறை அலசி, உதறி, கணவனின் விலாவில் மறுபடி பொருத்தினாள் செங்கமலம்.