தாமதமாக வந்தவர்கள் பாட வேண்டும்

நெவேனாவுக்கு அந்தப் பஸ்ஸில் ஒரு பட்டப்பெயர் கிடைத்திருந்தது. "பன்னிரண்டு நிமிஷம்" என்பதுதான் அது.

முந்தின நாள் கோட்டை பார்க்க இறங்கியவர்களில் அவள் மட்டும் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகத் திரும்பினாள். பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் கைதட்டினார்கள். அது பாராட்டு இல்லை என்று பத்து வயதுப் பெண்ணுக்குத் தெரியாதா என்ன? தாமதமாக வந்தவர் மைக்கைப் பிடித்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். அது அந்தப் பஸ்ஸின் சட்டம். பாடவே வராத நெவேனா பாடினாள். ஸ்தாங்கா அத்தை கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை லேட்டா வந்தே, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கணும்" என்றாள் அத்தை. அத்தை சொன்னால் செய்துவிடுகிற ஆள்.

நெவேனா ஊர் சுற்றுவதற்காகத் தாமதம் செய்யவில்லை. தம்பி மனோலுக்கு ஏதாவது காட்டலாமே என்று தேடிக்கொண்டிருந்தாள். இந்தச் சுற்றுலாவுக்கு அவனும் வந்திருக்க வேண்டியது. கிளம்புவதற்கு முந்தைய வாரம் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். அவன் இருக்கையில்தான் இப்போது அத்தை உட்கார்ந்திருக்கிறாள்.

கட்டுப்போட்ட காலோடு மனோல் ஒன்றே ஒன்று கேட்டிருந்தான். ஓக்ரித் ஏரிக்கரையில் ஒரு மடம் இருக்கிறது. அதன் பக்கத்து ஊற்றில் தண்ணீருக்கு அடியில் மணல் கொதிக்கும் என்று புத்தகத்தில் படித்திருந்தான்.

"அடுப்பே இல்லாம எப்படிக் கொதிக்கும்? நீ கையை வச்சுப் பாத்து, சூடா சில்லுன்னு இருக்கான்னு சொல்லு. கரையில தொட்டுட்டு வந்து கதை அளக்காதே, மணல் ஆடுற இடத்துல வைக்கணும்" என்று சொல்லி, சுறாமீன் படம் போட்ட தன் கைக்கடிகாரத்தையும் அவளுக்குக் கட்டிவிட்டான்.

அந்த மடத்தில் பஸ் நின்றது. சுறா கடிகாரம் மூன்று மணி காட்டியது.

"நாலு மணிக்கு எல்லாரும் பஸ்ல இருக்கணும். அதுவரைக்கும் உங்க இஷ்டம்" என்றார் வழிகாட்டி ஸ்நெஜானா. இதுவரை அவர் "அரை மணி நேரம்", "முக்கால் மணி நேரம்" என்றுதான் சொல்வார். இத்தனை மணிக்கு என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

மற்றவர்கள் ஆற அமர இறங்கினார்கள். மடத்தில் வளர்க்கிற மயில்களோடு படம் எடுத்தார்கள். அத்தை நேரே உணவகத்துக்குப் போய், நிழலான மேசையாகப் பார்த்து உட்கார்ந்தாள். ஊற்றுக்குப் போகட்டுமா என்று நெவேனா கேட்டதற்கு, மணியைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னாள். நெவேனா அதற்குள் பாதி தூரம் ஓடிவிட்டாள்.

ஊற்றுத் துறையில் ஒரு படகும் ஒரு படகுக்காரரும் இருந்தார்கள். மணல் கொதிக்கிற இடம் மறு கோடியில். நடந்து போக வழியில்லை.

"மூணு பேர் சேரட்டும், போகலாம்" என்றார் படகுக்காரர். "ஒரு ஆளுக்காகத் துடுப்புப் போட்டா என் தோள்பட்டை என்கிட்ட பேசாது."

நெவேனா காத்திருந்தாள். மூன்று பத்து. மூன்று இருபது. வந்த ஒரு குடும்பம் காலையிலேயே போய்விட்டு வந்ததாம். இரண்டு வாத்துகள் வந்தன. அவற்றைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டாள். படகுக்காரர் சிரித்தார், ஆனால் எழுந்திருக்கவில்லை. உட்கார முடியாமல் எழுந்தாள், நிற்க முடியாமல் நடந்தாள். நிமிடத்துக்கு இரண்டு தரம் சுறாவைப் பார்த்தாள். மூன்று நாற்பது ஆனதும் அவளுக்கு அழுகை வந்தது. இனிமேல் ஆள் கிடைத்தாலும் போய்விட்டுத் திரும்ப நேரமில்லை.

மூச்சிரைக்க உணவகத்துக்கு ஓடினாள். அங்கே அத்தையின் மேசையில் பஸ்காரர்கள் ஒன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். அத்தை அப்போதுதான் மீன் வறுவல் கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

"அத்தை, கிளம்பலையா? இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கு."

"பத்து நிமிஷமா? ஒரு மணி பத்து நிமிஷம் இருக்குடி" என்று அத்தை தன் போனைக் காட்டினாள். இரண்டு ஐம்பது. மேசையிலிருந்த எல்லாப் போன்களும் இரண்டு ஐம்பது என்றன.

"உன் சுறாவுக்கு வயசாயிடுச்சு. போ, போய் இன்னும் கொஞ்சம் விளையாடு."

எல்லோரும் சிரித்தார்கள். நெவேனாவின் கால்கள் ஊற்றுப் பக்கம் திரும்பிவிட்டன. பெரியவர்களே சொல்லிவிட்டார்கள், தாமதமானால் எல்லோரும் சேர்ந்துதான் தாமதம், அவளை யார் கேட்கப் போகிறார்கள்?

ஆனால் மனசு கேட்கவில்லை. இந்த நாட்டு எல்லையைத் தாண்டும்போது ஸ்நெஜானா மைக்கில் கடிகாரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். எல்லோரும் தலையை இடமும் வலமும் ஆட்டினார்கள். அவர்கள் பல்கேரியர்கள்; அவர்கள் ஊரில் அப்படி ஆட்டினால் 'சரி' என்று அர்த்தம். ஆட்டிவிட்டு, அவரவர் பாலாடைக்கட்டிப் பணியாரத்தைப் பிரித்துத் தின்னத் தொடங்கிவிட்டார்கள். என்ன சொன்னார் என்று ஒருவராவது கேட்டிருப்பாரா?

நெவேனா பஸ்ஸுக்கு ஓடினாள். ஓட்டுநர் மித்கோவின் தலைக்கு மேலிருந்த கடிகாரம் மூன்று ஐம்பத்திரண்டு காட்டியது. படியில் ஸ்நெஜானா பெயர்ப் பட்டியலோடு தனியாக நின்றுகொண்டிருந்தார்.

"அடடே, பன்னிரண்டு நிமிஷம் எட்டு நிமிஷம் முன்னாடியே வந்தாச்சு" என்றார் மித்கோ.

நெவேனா விஷயத்தைச் சொன்னாள். ஸ்நெஜானா தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இந்த நாட்டுல மணி நமக்கு ஒரு மணி நேரம் பின்னாடி. போனெல்லாம் தானா மாறிடும், நம்ம பஸ்ல நம்ம ஊர் மணிதான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. எல்லாரும் தலையை ஆட்டினாங்களே."

போய் ஒவ்வொருவராகப் பிடித்து வருகிறேன் என்று கிளம்பினார்.

"அக்கா, அத்தை மீனுக்குச் சொல்லியிருக்காங்க" என்றாள் நெவேனா. "மீன் வராம எழுந்திருக்க மாட்டாங்க. பாதிப் பேர் ஏரியில குளிக்கப் போயிட்டாங்க. அவங்களைத் தேடிச் சேர்க்கறதுக்குள்ள அந்த ஒரு மணி நேரமே ஆயிடும். இதுக்கப்புறம் ஓட்டல்ல சாப்பாடு மட்டும்தானே? அதை ஒரு மணி தள்ளி வைக்கச் சொல்லக்கூடாதா?"

ஸ்நெஜானா மித்கோவைப் பார்த்தார். மித்கோ தலையை இடமும் வலமும் ஆட்டினார். ஓட்டலுக்குப் போன் போட்டார்கள், இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. அதன்பிறகு என்ன செய்வதென்று ஸ்நெஜானாவுக்குத் தெரியவில்லை. பட்டியலை மடித்தார், பிரித்தார்.

"அக்கா, நீங்க அந்த ஊற்றைப் பாத்திருக்கீங்களா?"

"பத்தொன்பது தடவை இங்க வந்திருக்கேன். ஒரு தடவைகூடப் பாத்ததில்லை. உங்களுக்கெல்லாம் விடுற நேரத்துல நான் தலையை எண்ணிக்கிட்டு நிப்பேன்."

நானும் அப்படித்தான், பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பேன் என்றார் மித்கோ.

"மூணு பேர் சேர்ந்தாத்தான் படகு விடுவாராம்" என்றாள் நெவேனா.

படகுக்காரர் மூவரையும் பார்த்ததும் துடுப்பை எடுத்தார்.

மறு கோடியில் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. அடியில் வெள்ளை மணல், உலையில் அரிசி கொதிப்பது போலக் குமிழ்த்துக் குமிழ்த்து எழுந்தது. ஆழம் குறைந்த ஓரிடத்தில் படகை நிறுத்தச் சொல்லி, நெவேனா முழங்கைவரை கையை விட்டாள். மணல் உள்ளங்கையில் கிச்சுகிச்சு மூட்டியது. அன்றைக்கு முதல்முறையாக அவள் கடிகாரத்தைப் பார்க்க மறந்தாள்.

திரும்பும்போது நானும் துடுப்புப் போடுகிறேன் என்றார் மித்கோ. பஸ் ஓட்டத் தெரிந்தவருக்குப் படகும் ஓட்டத் தெரிய வேண்டும் என்று கட்டாயமா? படகு மூன்று முறை வட்டமடித்தது.

அவர்கள் ஓடிவந்து சேர்ந்தபோது பஸ்ஸருகே மற்ற முப்பத்தெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். எல்லோரும் ஒன்றாகக் கைதட்டினார்கள். அத்தைதான் பலமாகத் தட்டினாள்.

"ஆறு நிமிஷம் லேட். வழிகாட்டியும் சேர்த்து."

ஸ்நெஜானா பஸ் கதவைத் திறந்து கடிகாரத்தைக் காட்டினார். ஐந்து மணி ஆறு நிமிடம்.

"உங்க போன்படி நாங்க ஆறு நிமிஷம் லேட். பஸ் கடிகாரப்படி நீங்க எல்லாரும் ஒரு மணி நேரம் லேட். இந்தப் பொண்ணு ஒருத்திதான் நாலு மணிக்கு முன்னாடியே வந்தா. முதல்ல நாங்க மூணு பேரும் பாடறோம். அப்புறம் நீங்க."

கைதட்டல் நின்றது. அத்தை கைக்குட்டையைத் தேடினாள்.

பஸ் கிளம்பியதும் மூவரும் பாடினார்கள், சுமாராகத்தான். பிறகு மைக் அத்தையிடம் போனது. அத்தை தொடங்க, பஸ்ஸே சேர்ந்துகொண்டது. நெவேனா அத்தையின் போனை வாங்கி மனோலைக் கூப்பிட்டாள்.

"சில்லுன்னு இருக்குடா. ரொம்ப நேரம் விரலே மடங்கலை."

"மணல் ஆடுற இடத்துலதானே வச்சே?" என்று கேட்டான் மனோல்.

"அங்கதான். நகத்துக்குள்ள இன்னும் மணல் இருக்கு. கொண்டுவந்து காட்டறேன்."

"சரி. அங்க என்ன சத்தம்?"

நெவேனா போனை அத்தையின் பக்கம் நீட்டிப் பிடித்தாள்.

"ஒண்ணுமில்லடா. முப்பத்தெட்டுப் பேர் லேட்டா வந்துட்டாங்க."