மேல் தாழ்ப்பாள்

மேல் தாழ்ப்பாள் திறந்திருந்தது. போட்டுவிட்டுத்தான் படுத்தாள், ஒரு முறை இழுத்தும் பார்த்திருந்தாள். அக்காவுக்கு அது எட்டாது. குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவள் கைகள் தோளுக்கு மேல் எழுவதில்லை. ஆனாலும் இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, பட்டப்பகலில், வாசல் கதவு ‘ஆ’வென்று கிடந்தது.

நல்லவேளை, தெருமுனை பேக்கரிக்காரர் அக்காவைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். வாய்க்கால் பாலத்தில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றாளாம். கொஞ்சம் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அவர் குரலில் குறை இல்லை, இவளுக்குத்தான் சுருக்கென்றது.

தூக்கி வளர்த்தவள் அக்கா. அம்மா கண்ணை மூடியபோது இவளுக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பதினாறு. வந்த வரன்களையெல்லாம், பாப்பா படித்து முடிக்கட்டும் என்று தட்டிக்கழித்தாள். அந்தப் பாப்பாவுக்கு இப்போது ஐம்பத்தொன்று. இரத்தப் பரிசோதனை நிலையத்தில் விடியற்காலையிலிருந்து இரத்தம் எடுத்துவிட்டு மதியம் வருவாள். துணைக்கிருக்கும் பெண்ணை அனுப்பிவிட்டு, அக்காவுக்கு ஊட்டிவிட்டு, அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். இரவில் அக்கா தூங்கவிடுவதில்லை. ஒரே ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கினால் போதும் என்று போன வாரம் வேலையிடத்தில் சொல்லிவிட்டு, அப்படிச் சொன்னதற்காகவே கழிப்பறைக்குள் போய் அழுதாள்.

அக்காவின் பாதங்களைத் துடைத்துக்கொண்டே, கதவை யார் திறந்தது என்று கேட்டாள்.

“நீதானே பாப்பா தொறந்துவிட்ட,” என்றாள் அக்கா. “போன்னு சொன்ன.”

இவள் சிரித்தாள். பிறகு துடைப்பதை நிறுத்தினாள்.

மறுநாளே கூடத்தில் ஒரு சின்னக் கேமராவை மாட்டினாள். நான்கு நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம் விழித்தபோது, மழை ஓய்ந்து கூரைக்குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அறையெங்கும் பாசி நாற்றம், கிளறிவிட்ட சேற்றின் நாற்றம். பக்கத்துக் கட்டிலில் தலையணை மட்டும் குழிந்து கிடந்தது.

கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. அப்படியானால் அக்கா வீட்டுக்குள்தான். குளியலறை. கட்டிலுக்கு அடி. சமையலறைக் கதவின் பின்புறம்.

இல்லை.

போனில் கேமராப் பதிவைத் திறந்தாள்.

படத்தில் அக்கா நாற்காலியில் இருந்தாள். எதிரே ஒருத்தி குனிந்து, அவளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு, தலையை வாரிவிட்டு, நெற்றியில் முத்தமிட்டாள். நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. தன் முகம். தாழ்ப்பாளை இறக்கிவிட்டு அக்காவின் காதில் ஏதோ சொன்னாள். அக்கா தலையை ஆட்டி மறுத்தாள். கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டாள். அந்த விரல்களை அவள் பிரித்தாள். பொறுமையாக. வலிக்காமல். ஒவ்வொன்றாக.

இருவரும் வெளியே போனார்கள்.

அரைமணி நேரம் வெறும் கூடம்.

பிறகு அவள் மட்டும் வந்தாள். இடுப்புவரை ஈரம். தாழ்ப்பாளைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். படுக்கையறைக்குப் போனாள்.

போன் கையிலிருந்து நழுவியது. புடவையைத் தொட்டுப் பார்த்தாள். ஜில்லென்றிருந்தது.

அப்போதுதான் கதவு தட்டப்பட்டது. மெல்ல. மிகவும் கீழேயிருந்து, தரையோடு கிடப்பவர் தட்டுவதுபோல.

“பாப்பா.”

ஓடினாள்.

“குளிருது பாப்பா. கதவத் தொற.”

“இதோ வந்துட்டேன்க்கா.”

கதவுக்கடியில் கறுப்பாகத் தண்ணீர் கசிந்து வந்து அவள் பாதங்களை நனைத்தது. வலது கை தாழ்ப்பாளைப் பிடித்தது. இறக்கவில்லை. அழுதாள். அக்கா, அக்கா என்று கத்தினாள். கை இறங்கவில்லை. தட்டும் ஓசை தேய்ந்தது. இடது கையால் வலது கையைப் பிடித்து இழுத்தாள். அது இன்னும் இறுகியது. முட்டிகள் வெளுக்க, தாழ்ப்பாளை மேல்நோக்கி, மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருந்தது.